தொட்டி மூடியில் ஒட்டிய டேப்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்,

வெள்ளம் வடிந்தபோது நம் தோட்டமும் பட்டணமும் கிடந்த கோலத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. சுவரில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அது காய்வதற்குள் நன்றி சொல்லிவிடுகிறோம்.

ஐயாவுக்குப் பாதி ஆயுள் செம்பனை ஆலையில், மீதி கல்லூரி வகுப்பறையில். லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு (அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்ஸிஜன் அளவு) வரும் ஆலைக்கழிவைக் குளம் குளமாக ஓட்டி 100க்குள் இறக்கிய இரசாயனப் பொறியியலாளர். அவர் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்க வந்தார், கூப்பிடாமலே.

வந்தவர் குளோரின் பாட்டிலைத் தொடவில்லை. முதலில் தண்ணீரை இறக்கி, சேற்றை வழித்து, பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னார். சேறு கிடந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. அப்புறம் கணக்கு. 200 கேலன் தொட்டி, சுமார் 900 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். கையில் 5 விழுக்காட்டுக் குளோரின் திரவம், வாசனை சேர்க்காதது. எவ்வளவு ஊற்றுவது? பதில் சொல்லாமல் மார்க்கர் பேனாவைப் படிவம் 3 பிள்ளைகளிடம் நீட்டினார். 45 கிராம் குளோரின், அதாவது 900 மில்லி. விடை வந்த பிறகுதான் பாட்டில் திறந்தது. வாசம் வரும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினால்தான் குழாய்க்குள்ளும் மருந்து நிற்கும். ஊற்றிய நேரம், 12 மணி நேரம் கழித்துக் கொட்டும் நேரம், ‘குடிக்காதே’ என்ற சொல், எல்லாம் டேப்பில் பிள்ளைகள் கையெழுத்தில் மூடிமேல் ஏறின.

நடுவில் ஒரு வாளி வந்தது. ரப்பர் பால் ஸ்டோர் வாளி. முகத்தை அதற்குள் விடாமல், கையால் காற்றை விசிறி மோந்தார். ஓரமாக வைக்கச் சொன்னார். அதில் ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியா மிச்சமிருந்தால், குளோரினோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சுப் புகை. ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் இருந்தால் குளோரின் வாயு. தொட்டிக்குள் குனிந்தவர் மூச்சு அங்கேயே அடைத்திருக்கும். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கே அது தோன்றவில்லை!

பம்பு தந்த சூராவ் (முஸ்லிம் தொழுகைக்கூடம்) அண்ணன்மார், காசு வாங்காமல் ஹோஸ் வெட்டித் தந்த சீனர் கடை, மூன்று வேளையும் சமைத்த கோயில் அடுப்படிப் பெண்கள், எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

அடுத்த மழைக்கு முன் புது பாட்டில் வாங்கி நிழலில் வைப்போம், ஐயா. வெயிலில் கிடந்த பழசு வீரியம் இழந்திருக்கும். அந்த வாளியில் சிவப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று.

இப்படிக்கு,
லயத்துக் குடும்பங்கள்