வாசலில் இருந்த பலகையை ஏன் இறக்கினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். யாங்கோன் காளி கோவிலுக்கு வந்துவிட்டு அப்படியே நம் கடைக்கும் எட்டிப் பார்க்கிற பலர் இரண்டு வாரமாக ஒன்றையே கேட்கிறீர்கள். ‘கொலஸ்ட்ராலைக் கரைக்கும் காரம்’ என்று எழுதி வாசலில் மாட்டியிருந்த பலகை எங்கே போயிற்று? நாங்கள்தான் இறக்கிவிட்டோம். இனி அதை மாட்டப் போவதும் இல்லை.

அப்பா காலத்திலிருந்து நம்மிடம் மிளகாய் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் வந்து அரை வீசை (சுமார் 800 கிராம்) தூள் கேட்டார். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். “இவ்வளவு எதற்கு ஐயா?” என்றேன். டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டாராம், தினமும் காலையில் வெந்நீரில் தூளைக் கலக்கிக் குடிக்கிறாராம். “நீதானே தம்பி பலகையில் எழுதி வைத்திருக்கிறாய்” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று மாலையே அவர் மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இப்போது மாத்திரையைத் திரும்பவும் போட்டுக்கொள்கிறார்.

பலகையில் எழுதியதை நாங்கள் ஆதாரமே இல்லாமல் எழுதவில்லை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சென் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின், அதன் இனத்தைச் சேர்ந்த சில பொருள்கள். அதிகக் கொலஸ்ட்ரால் உள்ள தீனியோடு இவற்றைச் சேர்த்து ஹாம்ஸ்டர் என்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பு அப்படியே இருந்தது. உடம்பில் சேரவேண்டிய கொலஸ்ட்ரால் மலத்தோடு கூடுதலாக வெளியேறியது. இரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும் ஒரு மரபணுவின் வேலையும் மட்டுப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அது எலிக்கு. அதற்காக மிளகாயை அளவுமீறித் தின்னச் சொல்லவில்லை என்று சென்னே சொல்லியிருக்கிறார். அந்த வரியை நாங்கள் பலகையில் எழுதவில்லை. அது எங்கள் தவறு.

சரி, மனிதருக்கு? ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 27 பேருக்கு நான்கு வாரம், தினமும் 30 கிராம் மிளகாய்க் கலவை கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வந்த முடிவு இது: இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு குறையவில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டுப்போகாமல் தாக்குப்பிடித்தது. அப்படிக் கெட்டுப்போன கொழுப்புதான் இரத்தக்குழாய்ச் சுவரில் அதிகம் படிகிறது என்பதால் அதுவும் நன்மைதான். இத்தாலியில் 22,000 பேருக்கு மேல் சுமார் எட்டு வருடம் கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. வாரத்தில் நான்கு தடவைக்கு மேல் மிளகாய் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பால் இறப்பது 40 சதவீதம் குறைவாக இருந்தது. மிளகாய்தான் காப்பாற்றியதா, அவர்களுடைய மற்றப் பழக்கங்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் தருகிற ஸ்டாட்டின் மாத்திரையோ கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதையே குறைக்கிறது. அந்த வேலையை மிளகாய் செய்யாது. காரச் சாரத்தை அடைத்து விற்கிற மாத்திரைகளை நம்மிடம் கேட்காதீர்கள், வாங்கி வைக்க மாட்டோம். அவற்றை விழுங்கிய பிறகு இதயக் குழாய் சுருங்கி மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை எண்ணெய்தான். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால்தான் தாளித்த காரம் அப்படி ஏறுகிறது. இந்த ஊரில் நாமும் பர்மியர்களைப் போல, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை குழம்பை வற்ற வைக்கப் பழகிவிட்டோம். அது பாமாயிலாக இருந்தால் கெட்ட கொழுப்பை ஏற்றும். காய்ந்த இறாலையும் மிளகாயையும் எண்ணெயில் வறுத்துச் செய்யும் பாலாச்சாங்கில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பு நல்லதல்ல. காரத்தால் வரும் கொஞ்ச நன்மையை அந்தக் கரண்டி எண்ணெயே விழுங்கிவிடும். குழம்பை இறக்கியதும் மேலே நிற்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிடுங்கள். என் வீட்டில் மூன்று மாதமாக அப்படித்தான், ருசி ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்று, மிளகாய் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், அது கல்லீரலைக் கெடுக்கும். மழைக்காலத்தில் வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கட்டி பிடித்து நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நம் கடையில் வாங்கியதாக இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அடுத்த வாரத்திலிருந்து பாலாச்சாங்கை இரண்டு விதமாகப் போடுகிறோம். ஒன்று பழையபடி. மற்றது பாதி உப்பு, கடலை எண்ணெய், அதுவும் வடித்து எடுத்தது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். பச்சை மூடி போட்ட டப்பாவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மிளகாய்க் கடையிலிருந்து,
யாங்கோன்