கன்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, மிளகு பறிப்பு நடப்பதால் உடனே எழுத முடியவில்லை. குலசேகரத்தில் அப்பாவின் ரப்பர் மரங்களை எடுத்துவிட்டு மங்குஸ்தானும் வாழையும் வைக்கப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். விடுதி நாட்களில் நீ இங்கே வந்தால் ஒரு சீப்பு மலைப்பழத்தைத் தனியாகத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பாய் என்று அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூட்டு வலியைத் தவிர அவர் நன்றாக இருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, தோட்டக்கலைதான் படிப்பேன் என்கிறாள், எனக்குச் சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் மலை வாழையான விருப்பாச்சியில் ஐம்பது கன்று லாரியில் போட்டுவிடச் சொன்னாய். அனுப்ப மாட்டேன். கோபப்படாமல் மேலே படி.

இலையெல்லாம் உச்சியில் கொத்தாகி மரம் குட்டையாகிவிடும் முடிக்கொத்து நோய் கன்றோடுதான் ஊர் ஊராகப் போகிறது. தாய் மரத்தில் வைரஸ் இருந்தால் பக்கக்கன்றிலும் இருக்கும், வெளியில் பார்த்தால் பல சமயம் ஒன்றும் தெரியாது, நட்டு இலை விட்ட பிறகுதான் காட்டும். அதற்குள் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி அதை உறிஞ்சி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோயிருக்கும். எங்கள் மலை வாழையே இதனால் அழியப் பார்த்தது. 1970-களில் தமிழ்நாட்டில் 18,000 ஹெக்டேர் அளவுக்கு இருந்த மலை வாழை 2,000 ஹெக்டேர் என்ற நிலைக்கு வந்துவிட்டது. கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காப்பிக்கு நிழலாகவும், காப்பி காய்க்கும்வரை வீட்டுச் செலவுக்கும் நின்ற மரம் அது. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மழையே போதும், ஒரு தடவை வைத்தால் கட்டைக்குக் கட்டை வருஷக்கணக்கில் தார் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரே இடத்தில் பல வருஷம் நின்றதே நோய்க்கும் வசதியாகிவிட்டது.

தாத்தா காலத்தில் மரம் குட்டையாகிக் காய் பிடிக்காமல் நின்றதைப் பார்த்து மண் செத்துப்போச்சு என்றுதான் சொன்னார்களாம். மண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் இதே கதை நடந்தது. 1913-இல் பிஜியிலிருந்து போன கன்றுகளோடு நோயும் போய், 1920-களின் நடுவில் அங்கே வாழைத் தொழிலே படுத்துவிட்டது. இது வைரஸ், பரப்புவது அசுவினி என்று மகீ என்ற ஆராய்ச்சியாளர் நிரூபித்த பிறகு, தோட்டம் தோட்டமாகச் சோதித்து நோய் மரத்தை அழிப்பதைச் சட்டமாக்கித்தான் மீட்டார்கள். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது மாப்பிள்ளை, இன்றைக்கும் கிடையாது.

அதனால்தான் இது தனி ஆளால் முடிகிற காரியம் இல்லை என்கிறேன். என் தோட்டத்தை நான் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றால் போதும், என் உழைப்பு வீண். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் திசு வளர்ப்புக் கன்று என்று நம்பி வாங்கி வைத்தேன். சோதனைச் சான்று கேட்கத் தோன்றவில்லை. எட்டாவது மாதத்தில் பாதி மரங்கள் கொத்தாக நின்றன. என்னிடமிருந்து கீழ்த் தோட்டத்துக்கும் போய்விட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் இந்த ஓடையைச் சுற்றியுள்ள பதினோரு தோட்டக்காரர்கள் சேர்ந்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு எல்லோருமாக எல்லாருடைய தோட்டத்தையும் நடந்து பார்க்கிறோம். அவரவர் தோட்டத்தை அவரவரே பார்த்தால் கண் ஏமாற்றிவிடும். எங்களில் கண் கூர்மை மேலத் தோட்டத்து அக்காவுக்குத்தான். இளம் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சையில் சின்னச் சின்னக் கோடு, புள்ளி, மறுபடி கோடு என்று தந்தி அடித்த மாதிரி தெரியும். இலை கொத்தாக மேலே நிமிர்வதற்கு முன்னாலேயே இதைப் பிடித்துவிட வேண்டும். பிடித்ததும் வெட்டக் கூடாது. முதலில் குருத்திலும் அடிமட்டையிலும் பூச்சி மருந்தடித்து அசுவினியைக் கொன்றுவிட்டுத்தான் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். நேராக வெட்டிப் போட்டால் மரம் வாட வாட அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடி போய்விடும். நாங்கள் முதல் வருஷம் அப்படித்தான் கெடுத்துக்கொண்டோம்.

ஓடைக்கரைப் பெரியவர் ஒருவர் மட்டும் வெகுநாள் சம்மதிக்கவில்லை. முப்பது மரம் எடுக்க வேண்டும், நாலைந்தில் பேருக்குத் தார் தொங்கியது. "இது மட்டும் பழுத்து வரட்டும்ப்பா, அப்புறம் எடுக்கலாம்" என்பார். சத்தம் போட்டுப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை. கடைசியில் பொதுப் பணத்தில் சோதித்த கன்று முப்பது வாங்கி அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம், மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே கடப்பாரையோடு வந்து கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வழக்கமே அதுதான், யார் மரத்தை எடுக்கச் சொல்கிறோமோ அவருக்கு முதலில் புதுக் கன்று.

இப்படி நடக்க ஆரம்பித்த பிறகுதான் விற்பனையும் ஒன்றாகிவிட்டது. தாரை ஒரே வண்டியில் ஏற்றி மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறக்குகிறோம். முன்பு ஆளுக்கு நாலு தாரைக் கொண்டுபோய் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவோம், இப்போது ஒரு வண்டி நிறைய இருப்பதால் அவர் உட்கார்ந்து பேசுகிறார். விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்கள் குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023-இல். நல்ல விஷயம்தான், ஆனால் பெயரைக் காப்பாற்ற மரம் நிற்க வேண்டுமே. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் மலைப்பழம்தான் பொருத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நீர்ச்சத்து குறைவு, சொட்டுத் தண்ணீர் விடாமல் செய்கிற பண்டம் கெடாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கப் பழம்தான் போதவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. நடுவதற்கு முன்னால் உன் நிலத்தைச் சுற்றி நாலு பக்கமும் நட. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லையில் வாழை உண்டு, பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவதே மட்டிதானே. யார் வீட்டில் எத்தனை மரம், எப்படி இருக்கிறது என்று பார், அவர்களோடு உட்கார்ந்து பேசு. கன்று வாங்கும்போது வைரஸ் சோதனைச் சான்று இல்லாமல் ஒன்றுகூட எடுக்காதே. சந்தேகம் இருந்தால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேள், சோதித்துச் சொல்வார்கள். விருப்பாச்சி உங்கள் வெயிலுக்கு நன்றாக வராது, அது மலைக் குளிரில் நின்ற மரம். மட்டியையே வை.

சித்திரையில் குடும்பத்தோடு இங்கே வா. ஒரு ஞாயிறு எங்களோடு நட, அக்கா இலையைத் திருப்பிக் காட்டுவார், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. வரும்போது அம்மாவுக்கு மட்டிப் பழம் இரண்டு சீப்பு கொண்டு வா. வாழையிலையில் சுற்ற வேண்டாம், துணிப்பையில் போட்டுக் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்