கணக்கில் வராத மணிநேரங்கள்: பெண் தொண்டர்களைத் திரட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

போர்க்காலத்தில் பெண் தொண்டர்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், தொண்டு அமைப்புகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

போர் மூண்டதும் வருகிற முதல் அறிவிப்புகளில் ஒன்று, "பெண்களே, முன்வாருங்கள்" என்பது. பெண்களும் வந்துவிடுகிறார்கள். கூப்பிட்டும் வரவில்லை என்ற குறையை வரலாற்றில் அதிகம் காண முடியவில்லை. வந்தவர்களிடம் என்ன வேலையைக் கொடுப்பது என்று தெரியாமல், கூப்பிட்டவர்கள் திணறிய கதைகள்தான் ஏராளம். ஆகவே இந்த மடல் உங்களுக்கு. பெண்களுக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை எதுவும் இல்லை.

தொண்டுக்கு வருகிறவள் கொண்டுவருவது அவளுடைய நேரம். அது சும்மா கிடந்த நேரம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வீட்டு ஆண் போர்முனைக்குப் போய்விட்டால் இருவர் சுமந்த வீட்டை ஒருத்தி சுமக்கிறாள். பொருள் தட்டுப்பாடு வந்தால் கடை வாசலில் நிற்கும் நேரம் கூடுகிறது. குழந்தைகளும் முதியவர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் தூக்கத்திலிருந்தோ, சாப்பாட்டிலிருந்தோ, கூலி வேலையிலிருந்தோ பிய்த்தெடுத்த இரண்டு மணிநேரத்தை அவள் உங்கள் கையில் தருகிறாள். வியட்நாமில் 1965-இல் பெண்கள் சங்கம் தொடங்கிய இயக்கத்தின் பெயரே 'மூன்று பொறுப்புகள்': உற்பத்தி, வீடு, போருக்கான ஆதரவு. அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. வீடு என்பதும் ஒரு சுமைதான் என்று வெளிப்படையாக எண்ணிச் சொன்னார்கள். நீங்களும் அதை எண்ண வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. போர் நிதிக்கு வந்த பணத்தை எப்படிச் சில்லறை பிசகாமல் கணக்கெழுதுகிறீர்களோ, அப்படி இந்த மணிநேரங்களுக்கும் கணக்கு எழுதுங்கள்.

கணக்கில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1861-ஐப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய வேகத்தில் வடபகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஹேவ்லாக் என்ற துணியைத் தைத்துக் குவித்தார்கள். 1857-இல் இந்தியாவில் போரிட்ட ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரால் வந்த அது, தொப்பியிலிருந்து கழுத்தின் மேல் தொங்கி வெயிலை மறைக்கும். அது வேண்டுமா என்று படைவீரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களோ அதைக் காப்பி வடிகட்டவும் பாத்திரம் துடைக்கவும் பயன்படுத்தினார்கள். இரவில் விளக்கொளியில் கண் எரியத் தைத்த துணி அது. பெண்களின் ஆர்வத்தை வைத்துச் சிரிக்கும் கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன தேவை என்று கேட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் அன்று எவரும் இல்லை, குற்றம் அங்கேதான்.

அந்த இடத்தை அதே ஆண்டு ஜூன் மாதம் உருவான சுகாதார ஆணையம் நிரப்பியது. ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்கள் அனுப்பிய பெட்டிகளை ஆணையத்தின் கிடங்குகள் பிரித்து, வகைப்படுத்தி, முத்திரை குத்தி, தேவைப்பட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பின. பழக்கூழ் ஜாடி உடைந்து சட்டைகளெல்லாம் பாழான அனுபவத்துக்குப் பிறகு, ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள் என்று கேட்டுக்கொண்டார்கள். இதில் வீரம் எதுவும் தெரியாது, பாட்டாகவும் யாரும் பாட மாட்டார்கள். ஆனால் ஒரு பெண்ணின் உழைப்பு காயம்பட்டவனின் கட்டிலை உண்மையில் போய்ச் சேர்ந்தது இத்தகைய ஏற்பாட்டால்தான். இன்று வேண்டியது எது, போதும் என்று ஆகிவிட்டது எது என்று வாராவாரம் எழுதி ஒட்ட ஒரு பலகை வையுங்கள். "போதும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். தேவையில்லாத வேலையைக் கொடுத்து ஊக்கத்தைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம். 1940 ஜூலையில் பிரிட்டனில் விமானம் செய்வதற்காக அலுமினியப் பாத்திரங்களைக் கேட்டார்கள். இல்லத்தரசிகள் அடுப்பிலிருந்ததையே கொண்டுவந்து குவித்தார்கள். அந்தக் குவியலால் விமான உற்பத்திக்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்ற சந்தேகம் பின்னர் வலுவாகவே எழுந்தது. பாத்திரத்தை இழந்தவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய கடன் கேட்டவருக்கு உண்டு.

இனி, சரியாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

1938-இல், போர் தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் முன்பே, பிரிட்டனின் உள்துறை அமைச்சர் கேட்டுக்கொண்டதன்பேரில் ரீடிங் சீமாட்டி ஸ்டெல்லா ஐசக்ஸ் பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பைத் தொடங்கினார். வான்தாக்குதலுக்கு மக்களைத் தயார்செய்வது முதல் நோக்கம். போர்க்காலத்தில் அதன் உறுப்பினர்கள் பத்து லட்சத்தை எட்டினார்கள். 1939 செப்டம்பரின் முதல் நாள்களில் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், வெளியேற்றப்பட்டபோது அவர்களை ஏற்றி அனுப்பியதிலும் இறக்கி வீடு சேர்த்ததிலும் இவர்களுக்குப் பெரும் பங்கு. நடமாடும் உணவகம், குழந்தைகளின் உடுப்பு மாற்று நிலையம், உருமறைப்பு வலை பின்னல் என்று வேலைகள் பெருகின. இராணுவத்தைப் போன்ற பதவி அடுக்குகள் இல்லை. ஒருத்தி ஏற்ற வேலையே அவளுடைய பதவி.

ஆனால் நான் வியப்பது இந்த எண்ணிக்கையைக் கண்டு அல்ல. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத பெண்ணுக்கும் அவர்கள் ஓர் இடம் வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி, படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்பவள், முழங்கால் வலியில் படியிறங்க முடியாதவள் ஆகியோரை எந்த முகாமுக்கும் கூப்பிட முடியாது. அவர்களுக்கென்று இல்லத்தரசிகள் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவைச் சேர்ந்தவளின் சன்னலில் ஓர் அட்டை இருக்கும். தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், காது கேளாதவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார் என்று தெரிந்துவைத்திருப்பது அவள் வேலை. குண்டு விழுந்து வீடு இடிந்தால் மீட்புக்குழு எங்கே தோண்ட வேண்டும் என்று அவளால் சொல்ல முடியும். அதிர்ச்சியில் நடுங்குகிறவரை உள்ளே அழைத்துச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க முடியும்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பதை வம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உயிர் காக்கும் அறிவு அது என்று கண்டுகொண்டு, அதற்கு ஓர் அட்டையும் பெயரும் கொடுத்தவர்களின் மூளை கூர்மையானது. உங்கள் பதிவுப் படிவத்தில் "என்ன படித்திருக்கிறீர்கள்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரம் முடியும், எந்த நேரம் முடியவே முடியாது, வீட்டில் யார் இருக்கிறார்கள், தெருவில் யாரையெல்லாம் தெரியும் என்றும் கேளுங்கள்.

அந்த அமைப்பையும் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். சீருடையைத் தொண்டர்கள் தங்கள் காசில் வாங்க வேண்டியிருந்தது. வசதியுள்ளவளுக்கு அது பெருமை. இல்லாதவளுக்கு, பக்கத்தில் நிற்கவே கூச்சம். சீருடை வேண்டுமென்றால் நீங்கள் கொடுங்கள். பஸ் கட்டணத்தையும் கொடுங்கள். தொண்டர்கள் அதைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்க மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். பணியில் காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இறந்தால் அவள் குடும்பத்துக்கு என்ன என்பதை முதல் நாளே எழுத்தில் தாருங்கள். அந்தப் போரில் இந்தச் சேவையைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள். ஊரில் இருந்தபடி செய்யும் பணி ஆபத்தற்றது என்ற எண்ணத்தை அந்த எண் பொய்யாக்குகிறது.

அடுத்தது, அதிகம் பேசப்படாத ஒரு காயம். 1914 ஆகஸ்ட்டில் பிரிட்டனில் அரசி மேரியின் பெயரில் தையல் சங்கம் அழைப்பு விடுத்தது: படைவீரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு வசதியான வீட்டுப் பெண்கள் தைக்கத் தொடங்கினார்கள். அதே வாரங்களில் தையலையே நம்பி வாழ்ந்த பெண்கள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். சட்டை இலவசமாகக் கிடைக்கும்போது கூலி கொடுத்து யார் தைப்பார்கள்? பெண் தொழிலாளர் சங்கத் தலைவி மேரி மக்ஆர்தர் இதைத் தட்டிக்கேட்டார். அரண்மனை செவிசாய்த்தது. வேலையிழந்த பெண்களுக்கு வேலை கொடுப்பதற்கென அரசியின் பெயரில் தனி நிதி தொடங்கப்பட்டது. அதற்கான குழுவின் செயலாளராக மக்ஆர்தரே அமர்ந்தார். அங்கே தரப்பட்ட கூலி மிகக் குறைவு என்று பெண் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்கர்ஸ்ட் கொதித்ததும் உண்மை. இரண்டு பெண்களும் சரியான இடத்தில்தான் கோபப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். எந்த வேலையைத் தொண்டாகக் கேட்கும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்றுவரை இதைக் கூலிக்குச் செய்தது யார்? அப்படி ஒருத்தி இருந்தால் முதலில் அவளைக் கூப்பிட்டுக் கூலி கொடுங்கள். ஒரு பெண்ணின் தியாகம் இன்னொரு பெண்ணின் பட்டினியாக முடியக் கூடாது.

பட்டினி என்றதும் மாதாபர் நினைவுக்கு வருகிறது. 1971 டிசம்பரில் குஜராத்தின் புஜ் விமானதளத்தின் ஓடுபாதை பாகிஸ்தான் குண்டுவீச்சில் சிதைந்தது. பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் வந்து, அபாயச் சங்கொலி கேட்கும்போதெல்லாம் பதுங்கிப் பதுங்கி, 72 மணிநேரத்தில் அதைச் சீரமைத்தார்கள். இது நம் நாட்டில் பலருக்கும் தெரிந்த வீரக்கதை. அந்த முதல் நாள் தங்களுக்குச் சாப்பாடே இல்லை என்று அவர்களில் சிலர் பின்னாளில் சொன்னது அவ்வளவாகத் தெரியாது. குழந்தைகளை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். தொண்டர்களுக்கு உணவு, தண்ணீர், கழிப்பறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவற்றை ஏற்பாடு செய்த பிறகே அழைப்பை அனுப்புங்கள். முதல் உலகப் போரில் லண்டனின் கிழக்குப் பகுதியில், துப்பாக்கி செய்வோரின் பெயரைத் தாங்கிய ஒரு மதுக்கடையை சில்வியா பாங்கர்ஸ்ட் எடுத்துத் தாய்மாரின் பெயருக்கு மாற்றி, குழந்தைகள் காப்பகமும் மருத்துவ நிலையமும் ஆக்கினார். இடமில்லை என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1863-இல் சிகாகோவில் மேரி லிவர்மோர், ஜேன் ஹோஜ் என்ற இருவர் முன்னின்று, காயம்பட்ட வீரர்களுக்காக ஒரு பெரும் சந்தையை நடத்தினார்கள். 25,000 டாலர் திரட்டுவோம் என்றதும் ஆண்கள் நம்பவில்லை. அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் திரண்டது. அடிமை விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதியை ஜனாதிபதி லிங்கன் அந்தச் சந்தைக்காக அனுப்பிவைத்தார். ஆனால் ஒரு கட்டடத்தை எழுப்ப ஒப்பந்தம் போடப் போனபோது, மணமான பெண்களின் கையெழுத்து செல்லாது, கணவர்கள் போட வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். பணத்தைத் திரட்டியவர்கள் அவர்கள். கையெழுத்துக்குத் தகுதியானவர்கள் வீட்டில் இருந்தவர்கள். அந்தச் சட்டம் இன்று இல்லாமல் இருக்கலாம். ஆனால் பெண்கள் அணிக்கு ஓர் ஆண் அதிகாரியைத் தலைவராக்கி, ஐம்பது ரூபாய்க்கு நூல் வாங்கவும் அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்க வைப்பது அதே வழக்கத்தின் மிச்சம்தான். அணியின் பணத்தைச் செலவிடும் அதிகாரத்தையும், முறைப் பட்டியல் போடும் அதிகாரத்தையும், "இந்த வேலை எங்களால் ஆகாது" என்று மறுக்கும் உரிமையையும் அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்தவளிடமே கொடுங்கள்.

கடைசியாக, போர் முடிந்த பிறகு. பின்லாந்தில் படைக்கு உதவிய பெண்கள் தொண்டு அமைப்பான லோட்டா ஸ்வார்ட் 1921-இல் உருவானது. மருத்துவம், உணவு, உடை, நிதிதிரட்டல் என்று பிரிவு பிரித்து, பயிற்சி கொடுத்துத்தான் பெண்களைப் பணிக்கு அனுப்பியது. 1944-இல் அதில் சிறுமியரையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சோவியத் ஒன்றியத்துடன் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்பாட்டின்படி அந்த ஆண்டு நவம்பரில் அமைப்பு கலைக்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பெண்கள் தங்கள் பணியைப் பற்றி வெளியில் பேசாமலே வாழ்ந்தார்கள். கலைவதற்கு முன்பு அமைப்பின் சொத்தில் ஒரு பகுதியைப் பெண்கள் நலனுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு மாற்றியிருந்ததால், தேவைப்பட்டவர்களுக்குக் கைகொடுக்கவாவது முடிந்தது. அந்த முன்யோசனை உங்களுக்கும் வேண்டும். உக்ரைனில் 2022 முதல் பள்ளிகளிலும் நூலகங்களிலும் உருமறைப்பு வலை பின்னும் பெண்களின் விரல்களைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம், இவர்களின் பெயர்களை யாராவது எழுதி வைக்கிறார்களா என்றுதான் என் மனம் கேட்கிறது.

ஆகவே அந்தக் கணக்குப் புத்தகத்தை முதல் நாளே திறந்துவிடுங்கள். பெயர், தேதி, எத்தனை மணிநேரம், என்ன வேலை, யாரிடம் கற்றாள், யாருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று எழுதுங்கள். நாளை அவள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே அனுபவச் சான்றாக நிற்கட்டும். அணி கலையும் நாளில் புத்தகத்தின் ஒரு படியைப் பொது நூலகத்தில் வையுங்கள். அவளுக்குரிய பக்கத்தின் படியை அவள் கையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
அழைத்தால் வரக்கூடிய ஒருத்தி