"இந்தத் தசை, இந்த எலும்பு"

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். "பொருள்களைத் தனித்தனியாக்குவது பருப்பொருள் என்கிறார் அக்குவினாஸ்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். அந்தப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ மெய்யியலாளர் அங்கே நிறுத்தவில்லை. பருப்பொருள் என்பது ஒன்று எதனால் ஆனதோ அது. சாக்ரடீஸுக்கும் பருப்பொருள் உண்டு, பிளேட்டோவுக்கும் உண்டு. இருவருக்கும் பொதுவானது இருவரையும் எப்படிப் பிரிக்கும்? 1250-களில் பாரிஸில் எழுதிய 'இருப்பும் சாராம்சமும்' என்ற சிறு நூலில் அவர் சொல்வது "குறிக்கப்பட்ட பருப்பொருள்". மனிதன் என்பதன் வரையறையில் தசையும் எலும்பும் வரும். இந்தத் தசை, இந்த எலும்பு வராது. அந்த "இந்த"தான் சாக்ரடீஸைத் தனியாளாக்குகிறது.

சரி, அந்த "இந்த" எங்கிருந்து வருகிறது? அளவிலிருந்து. நீள அகல உயரம் இருந்தால்தான் ஒரு பகுதி இங்கே, இன்னொன்று அங்கே என்று பருப்பொருள் பிரியும். ஆனால் குறிப்பிட்ட அளவு என்று எழுதிவிடாதே. அப்படியானால் வளரும் குழந்தை ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேறு ஆளாகிவிடும். அதனால்தான் பழைய ரோமானிய மெய்யியலாளர் போயெத்தியஸின் நூலுக்கு எழுதிய உரையில், வரையறுக்கப்படாத பரிமாணங்கள் என்கிறார்.

இடிக்கும் இடமும் இதுதான். அளவு என்பது பொருளைச் சார்ந்து நிற்கும் ஒன்று. சார்ந்து நிற்பது, தன்னைத் தாங்கும் பொருளையே எப்படித் தனியாக்கும்? அக்குவினாஸுக்குப் பின்வந்த மெய்யியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் இதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "இதுவாக இருத்தல்" என்ற, அதற்கே உரிய இறுதி இயல்பு ஒன்று உண்டு என்றார். அவருடைய கேள்வி மிகக் கூர்மை. விடை, விளக்குவதைவிடப் பெயர் வைப்பதாகவே எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வானதூதர் பகுதியை விரிவாக எழுது. அக்குவினாஸ் பார்வையில் அவர்களுக்குப் பருப்பொருள் கிடையாது; அது இல்லையென்றால் ஓர் இனத்தில் இருவர் இருக்க முடியாது. ஆகவே அக்குவினாஸுக்கு மிக்கேலும் கபிரியேலும் ஓரினத்து இருவர் அல்லர், வெவ்வேறு இனங்கள். பருப்பொருள் இன்றி ஓரினத்தில் பலரைக் கடவுளாலும் படைக்க முடியாது என்ற கருத்து, பாரிஸ் ஆயர் எட்டியன் தாம்பியே (Étienne Tempier) கண்டித்த 219 கூற்றுகளில் இடம்பெற்றது. நாள் 1277 மார்ச் 7. அக்குவினாஸ் இறந்து சரியாக மூன்று ஆண்டுகள்.

இறந்தபின் ஆன்மா தனித்து நிற்பதையும் ஒரு பத்தியில் சேர். தனித்தன்மை தொடங்குவதற்கு உடல் வேண்டும், தொடர்வதற்கு வேண்டாம் என்பதே அவர் பதில். ஸ்கோட்டஸுக்கும் பின்வந்த மெய்யியலாளர் ஒக்காமை இதில் இழுக்காதே. அவருக்கு உள்ளதெல்லாம் தனிப்பொருளே; விளக்க வேண்டியது பொதுமையை.

அன்புடன்,
அம்மா