பாட்டை வண்டிக்குள் பூட்டாதீர்கள்

தமிழில் திறந்த உலக கேம் செய்யப் புறப்பட்டிருக்கும் குழுக்களுக்கு, வேலூரிலிருந்து வணக்கம்.

தொண்ணூறுகளைக் களமாக வைத்து, ஊர் சுற்றும் கேம் ஒன்று தமிழில் வர வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஊர் வேலூராகவும், சுற்றியிருந்த பழைய வடஆர்க்காடாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்காகத்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: பாட்டை வண்டிக்குள் பூட்டாதீர்கள், தெருவில் விடுங்கள்.

இந்த வகைக்கு எல்லாரும் எடுத்துப் பார்க்கும் முன்மாதிரி 2004-இல் வந்த ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) சான் ஆண்ட்ரியாஸ். அதன் கதை நடப்பது 1992-இல். காரில் ஏறினால் ரேடியோ பாடும், பொத்தானைத் தட்டினால் நிலையம் மாறும். அமெரிக்க மேற்குக் கரைக்கு அது பொருத்தம். அதே 1992-இல் வேலூரில் தனியார் எஃப்எம் ஒன்றுகூடக் கிடையாது. சென்னை நிலையத்தின் எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 140 கிலோமீட்டர் தள்ளி, குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் அது நிலையாகக் கிடைக்காது. கிடைத்தது மத்திய அலை: 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை ஏ, 783-இல் விவித பாரதி. இருட்டிய பிறகு மத்திய அலை வானில் பட்டுத் திரும்பி வெகு தூரம் போகும் என்பதால், தூரத்து நிலையங்கள் மங்கியும் தெளிந்தும் வந்து போகும். இதைக் கேமில் செய்வது சுலபம். சூரியன் மறைந்ததும் தூரத்து நிலையம் ஒன்றின் ஒலி மெல்ல ஏறி இறங்கினால் போதும்.

ஆனால் ரேடியோ இதில் சிறிய பங்குதான். பாட்டு வாழ்ந்த இடங்கள் டீக்கடை, சலூன், தனியார் பஸ், கல்யாண வீட்டு வாசல், ஆடி மாதத்து அம்மன் கோவில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர். நடந்து போகிறவர் ஒரு கடையில் பல்லவியைக் கேட்டு, அடுத்த கடையில் வேறொரு சரணத்துக்குள் நுழைவார். அதனால் உங்கள் கேமில் பாட்டு ஓர் இடத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

இதில் முதலில் உதைப்பது கடிகாரம். சான் ஆண்ட்ரியாஸில் நம்முடைய ஒரு நொடி அங்கே ஒரு நிமிடம். முழு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடப் பாட்டு அந்தக் கணக்கில் ஐந்து மணி நேரம். காலை ஏழு மணிக்கு டீக்கடையில் பல்லவி தொடங்கினால், கடைசிச் சரணம் முடியும்போது உச்சி வெயில். சி-60 கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். அது ஓடி முடிவதற்குள் மறுநாளே பிறந்துவிடும். காரில் போகும்போது இந்த முரண் கண்ணில் படாது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பட்டுவிடும். கேமின் ஒரு மணி நேரத்துக்கு நம் ஆறு நிமிடம் கொடுங்கள். நாள் 144 நிமிடம் ஆகும். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கடிகாரம் நிஜ வேகத்துக்கு இறங்கட்டும்.

அடுத்தது கூம்பு ஸ்பீக்கர். மைக் செட்காரர் தென்னை மரத்திலும் மின் கம்பத்திலும் கட்டிவிட்டுப் போகும் அந்தக் கூம்பில் அடி ஒலியும் வராது, மிக மெல்லிய உச்ச ஒலியும் வராது. ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகியதுபோல் கொஞ்சம் கரகரப்பைச் சேருங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு நிஜக் கூம்பை வாடகைக்கு எடுத்துத் திறந்த வெளியில் கட்டி, அதில் சோதனை ஒலியை ஓடவிட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிவையே வடிகட்டியாகப் பயன்படுத்துவது. ஒரு நாள் வாடகையில் வேலை முடியும்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கோவில் அவ்வளவு தூரத்தில் இருந்தால் பாட்டு ஒரு நொடி பிந்தி வரும். ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து தெரு நெடுக நான்கு கூம்பு கட்டியிருந்தால், அருகில் உள்ளது முதலிலும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகவும் காதுக்கு வரும். திருவிழாத் தெருவின் அடையாளமே அந்த எதிரொலிதான். பல குழுக்கள் ஒவ்வொரு கூம்புக்கும் பாட்டைத் தனித்தனியாக ஓடவிடுவார்கள். சில நிமிடத்தில் அவை ஒன்றுக்கொன்று விலகி, கேட்பதற்கு வேறு ஏதோ போல ஆகிவிடும். ஓடுவது ஒரே ஓட்டமாக இருக்கட்டும். தூரத்துக்கு ஏற்ற தாமதத்தை மட்டும் கூம்புக்குக் கூம்பு மாற்றுங்கள்.

ஆட்டக்காரர் தெருவை விட்டு வெளியே போனாலும் அந்த ஓட்டம் நிற்கக் கூடாது. திரும்பி வரும்போது பாட்டு முதலிலிருந்து தொடங்கினால் ஊர் செத்துவிடும். ஒலியை உருவாக்காமல், எந்த நிமிடத்தில் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் பின்னணியில் ஓட்டினால் கணினிக்குச் சுமை ஏறாது. ஒரு நேரத்தில் கேட்கும் பாட்டை மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது சேர்ந்தால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். கரண்ட் போகும் தருணத்தையும் விட்டுவிடாதீர்கள்: டேப்பின் மோட்டார் வேகம் குறைந்து, பாட்டு ஒரு நொடிக்குள் கீழே இழுபட்டு அடங்கும். அதன் பிறகு வரும் அமைதியில் சைக்கிள் மணியும் பேச்சுக் குரலும் கேட்க வேண்டும்.

இனி கேசட். ஆட்டக்காரர் ஊரெல்லாம் தேடிச் சேர்க்க வேண்டிய பொருள் இதுதான். ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, சாயங்காலமோ மறுநாளோ போய் வாங்க வேண்டும். சி-60-இல் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சி-90-இல் ஒன்பது. கூட்டல் ஆட்டக்காரருடையதாக இருக்கட்டும். 31 நிமிடத்துக்கு வரிசை போட்டால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுபட வேண்டும். சி-90 வாங்கினால் லாபம் என்று தோன்றும். ஆனால் அதன் நாடா சுமார் 12 மைக்ரான், சி-60-உடையது 18. மெல்லிய நாடா ரப்பர் ரோலரில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சிக்கினால் மெதுவாக வெளியே எடுத்து, பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் நாடா கசங்கி, அந்த இடத்தில் ஒலி ஒவ்வொரு முறையும் அமுங்கும். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. செல்லோடேப் ஒட்டினால் மீண்டும் பதியலாம். இந்த ஒன்றை வைத்தே ஒரு முழுப் புதிர் செய்யலாம்.

பழுதுகளைக் குழப்பிவிடாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பாட்டு சீராக மெதுவாகி, சுருதி இறங்கிக்கொண்டே போகும். பெல்ட் தளர்ந்தால் வேகம் தள்ளாடும். நொடிக்கு ஓரிரு முறை, 10 முதல் 15 சென்ட் வரை (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) சுருதியை ஏற்றி இறக்கினால் சரியாக வரும். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு சேர்ந்தால் வேகம் மாறாது. ஜால்ராவும் 'ஸ' ஒலியும் மட்டும் மங்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் திரும்பி வரும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறி உச்சம் குறையும். மூன்றாவது நகலில் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். மென்பொருளில் இதையெல்லாம் போலி செய்வதைவிட, பாட்டுகளை நிஜமான சாதாரண நாடாவில் பதிந்து, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் ஒன்றில் ஓட்டி, அதையே கணினியில் ஏற்றுவது மலிவு. கேட்கவும் நிஜமாக இருக்கும்.

உரிமை விஷயத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் கவிழும். ஒரு சினிமாப் பாட்டைக் கேமில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம். "நாமே திரும்பப் பாடிவிடுவோம்" என்பது முதல் அனுமதியை மட்டுமே தவிர்க்கும். 1993-இல் வெளியான ஒலிப்பதிவின் காப்பு 60 ஆண்டு, 2053 முடியும் வரை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். உரிமம் வாங்குவதற்கும் இதுவே பொருந்தும். இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் ஆறாவது ஆண்டில் உங்கள் தெரு ஊமையாகிவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு விற்கவும் முடியாது. உரிமக் காலம் முடிந்ததால் 2018 ஏப்ரலில் ஜிடிஏ 4-இலிருந்தே பல பாட்டுகள் நீக்கப்பட்டன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

எனவே, எங்கள் பரிந்துரை: எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளில் நான்கைந்துக்கு மட்டும் முழுக் காலத்துக்கும் உலக எல்லைக்கும் உரிமம் வாங்குங்கள். மீதியைப் புதிதாக இசையமைக்கச் செய்யுங்கள். பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் இடையிசை, இரண்டாம் சரணம் என்ற கட்டு, நான்கரை முதல் ஐந்து நிமிட நீளம், கோர்க் எம்1 போன்ற அக்காலக் கீபோர்டு, அதோடு நிஜ வயலின்களும் தபலாவும் டோலக்கும். அந்த ஆண்டுகளில் ஒரே தெருவில் இளையராஜாவும், 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வழியே வந்த ரஹ்மானும், கானாவைச் சினிமாவுக்குள் பரவலாக்கிய தேவாவும் ஒலித்தார்கள். புதிய பாட்டுகளிலும் இந்த மூன்று மணமும் தனித்தனியே தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குழைவாகச் செய்யாதீர்கள். ரெக்கார்டிங் சென்டர்கள் செய்தது பெரும்பாலும் அனுமதியில்லாத நகல். கதைக்குள் அது நடக்கலாம். உங்கள் தயாரிப்புக்குள் நடக்கக் கூடாது.

சினிமாவுக்கு வெளியே இந்த மண்ணுக்கென்று இசை இருக்கிறது, அதுதான் வேறு எந்த ஊர் கேமிலும் கிடைக்காதது. திரௌபதி அம்மன் கோவில்களில் கோடையில் நடக்கும் பாரதக் கூத்து இரவு முழுக்க ஓடும்: ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். பெட்ரோமாக்ஸும் குழல் விளக்கும் எரியும் களத்துக்கு ஆட்டக்காரர் எந்த மணிக்கு வந்தாலும் கூத்து வேறொரு கட்டத்தில் இருக்க வேண்டும். சிவராத்திரிக்குப் பின் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதற்குப் பம்பையும் உடுக்கையும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கடைகளில் நாகூர் ஹனீபாவும் கவ்வாலியும். இவற்றைப் பதிவு செய்யும்போது கலைஞர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு நல்ல பணம் கொடுங்கள். மெட்டு பழையதானாலும், நிகழ்த்துகிறவரின் உரிமைக்குச் சட்டத்தில் 50 ஆண்டு காப்பு இருக்கிறது.

ஆண்டை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 1991-உம் 1999-உம் வேறு வேறு உலகம். 1993 எங்களுக்குப் பிடித்தது. ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்குகிறது. கேபிள் கம்பி மாடிக்கு மாடி தாவத் தொடங்கும் காலம். வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் பாட்டு நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் தெருவில் நடமாடுவோர் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஜன்னல்தோறும் ஒரே பாட்டு கேட்கட்டும். மாவட்டத்தின் பெயர் வடஆர்க்காடு அம்பேத்கர். அரசு பஸ்ஸில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். புதிய வண்டிகளுக்கு டிஎன் 23, சொந்த வண்டியென்றால் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வழியே மீட்டர் கேஜ் ரயில். எஸ்டிடி பூத்தில் வேலூர் குறியீடு 0416. ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றுகூடக் கூடாது. எல்லாம் கையால் வரைந்த எழுத்து. நான்கு வழிச்சாலை இல்லை, 2007-இல் வந்த ஸ்ரீபுரம் பொற்கோவில் இல்லை. சாமி இல்லாத கோவில் என்ற பழைய பேச்சை நம்பி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் சன்னிதியை வெறுமையாக வைத்துவிடாதீர்கள். 1981-லேயே லிங்கம் திரும்ப வந்துவிட்டது.

பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கட்டும். "இன்னாபா, வண்டி எங்க கீது?" என்று கேட்கும் குரலுக்கு மதுரைத் தமிழைப் போட்டுவிடாதீர்கள். குடியாத்தம் பக்கம் தெலுங்கும், ஆம்பூர் பக்கம் உருதும் நடுவே கலக்கும்.

கதைக்குத் துப்பாக்கியைத் தேட வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து 1991-இல் போட்ட வழக்கு, உங்கள் 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு வருவது 1996 ஆகஸ்ட் 28. கிணற்று நீரைப் புட்டியில் பிடித்து ஊர் ஊராகச் சேர்க்கும் ஒருவரின் பயணம், வரைபடம் முழுவதையும் சுற்றிக் காட்டிவிடும்.

முழு மாவட்டத்தையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டாம். கோட்டை சுமார் 133 ஏக்கர். அதை மட்டும் நிஜ அளவில் வையுங்கள், ஆம்பூர் சாலையை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். முதலில் கோட்டை வாசலிலிருந்து லாங் பஜார் வரை ஒரு தெரு, அதில் ஒரு டீக்கடை, ஒரு ரெக்கார்டிங் சென்டர், கோவிலில் நான்கு கூம்பு. அந்தத் தெருவைச் செய்து முடித்ததும் எங்களைக் கூப்பிடுங்கள். திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு, எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்று சொல்லிப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கேசட்டையும் கேமையும் ஒருசேர நேசிக்கும் வேலூர்க்காரர்கள் சிலர்