பியூட் நகர மன்றத்துக்கு: குழியின் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துப் பியூட்-சில்வர் போ மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. ஆனாலும் உங்கள் ஊரின் பழைய செம்புச் சுரங்கமான பெர்க்லி குழியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதன் தண்ணீர்க் கணக்கைக் கம்பெனிகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம், 1,780 அடி ஆழம். செம்புக்காக 1955இல் தோண்டத் தொடங்கி 1982இல் நிறுத்தினார்கள். இத்தாலியர்கள் வாழ்ந்த மீடர்வில், பக்கத்திலிருந்த மக்குவீன் எல்லாம் அதற்குள்ளேயே போய்விட்டன. தோண்டுவதை நிறுத்தியபோது நிலத்தடிப் பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பழைய சுரங்கப் பாதைகளில் ஊறிய நீர் மெல்ல ஏறிக் குழியை நிரப்பியது. பாறையிலிருந்த கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமானது. அந்த அமிலம் செம்பு, துத்தநாகம், ஆர்சனிக் என்று அகப்பட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டது. 1995இல் அங்கே இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்துப்போயின. அறுத்துப் பார்த்தபோது உணவுக்குழாய் வெந்து புண்ணாகியிருந்தது. 2016இல் மறுபடியும், இந்த முறை ஆயிரக்கணக்கில்.

சுத்திகரிப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2003இலேயே அதற்கு ஆலை வந்துவிட்டது. 2019 முதல் குழி நீரைச் சுத்தம் செய்து சில்வர் போ ஓடையில் விடுகிறார்கள், நல்ல வேலை. ஆனால் இதற்கு முடிவு தேதி கிடையாது. கடல் மட்டத்துக்கு மேல் 5,410 அடி என்ற பாதுகாப்பு எல்லையை நீர் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பம்பு ஓடியாக வேண்டும்.

கம்பெனிகள் அத்தனை காலம் நிற்பதில்லை. குழியைத் தோண்டிய அனகோண்டா கம்பெனியை 1977இல் ஆர்கோ என்ற எண்ணெய்க் கம்பெனி வாங்கியது, ஆர்கோவை 2000இல் பிபி என்ற எண்ணெய்க் கம்பெனி வாங்கியது. 25 வருஷத்துக்குள் இரண்டு முறை கைமாறிவிட்டது. இன்றைக்கு ஆர்கோவும் மான்டானா ரிசோர்சஸ் என்ற சுரங்கக் கம்பெனியும் பொறுப்பேற்றிருக்கின்றன, சரி. நூறு வருஷம் கழித்து யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1917 ஜூன் 8 இரவு கிரானைட் மவுண்டன் சுரங்கத்தில் தீப்பிடித்தது. ஆழத்தில் இறக்கிய மின்கம்பியின் எண்ணெய் ஊறிய உறையில் ஒருவரின் கார்பைடு விளக்கு பட்டுவிட்டது. புகைக்குத் தப்பி ஓடியவர்கள் கதவே வைக்காத கான்கிரீட் தடுப்புகளில் போய் முட்டினார்கள். செத்தவர்கள் 168 பேர். மேனஸ் டகன் என்ற தொழிலாளி கையில் கிடைத்த மரத்தையும் துணியையும் கொண்டு ஒரு சுவர் எழுப்பி, புகையை வெளியே நிறுத்தி, 25 பேரைக் காப்பாற்றினார். ஆனால் அவர் திரும்பவில்லை. அந்தத் தடுப்புகளில் கதவு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்!

அதனால்தான் கேட்கிறேன். நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் நகரமே தனியாக அளக்கட்டும். அந்த அளவுகள் ஊரில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். கம்பெனி விற்கப்பட்டாலும் திவாலானாலும் பம்பை ஓட்டப் போதுமான பணம், யாரும் கை வைக்க முடியாத ஒரு நிதியில் இருக்கிறதா என்று வருஷா வருஷம் பகிரங்கமாகக் கேளுங்கள். போதாது என்று தெரிந்தால், பொறுப்பேற்றவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள்.