சேகருக்கு, பெர்லினிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் மெயிலுக்குப் பதில் போடாமல் மாதங்கள் ஓடிவிட்டன. வேலை, குளிர், சின்னவளுக்குச் சளி என்று ஆரம்பித்தால் பக்கம் தீர்ந்துவிடும். எல்லாரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? தாஸ் அந்த ஆர்மோனியத்தைத் திருப்பித் தந்தானா? தரமாட்டான், விட்டுவிடு.

இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் ஆல்பம். பால் செயின்ட் ஹிலேர் என்ற பாடகருடைய 'டிக்கிமேன் வால்யூம் 1'. 2023-ல் கைனன்ட் என்ற லேபிளில் வந்தது. கொஞ்ச நாளாக வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை.

டிக்கிமேன் என்பது அவருடைய மேடைப் பெயர். பிறந்த ஊர் டொமினிக்கா. டொமினிக்கன் ரிபப்ளிக் என்று நினைத்துக்கொள்ளாதே, அது வேறு நாடு. இது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில் இருக்கிற சின்ன மலைத்தீவு. 1978-ல்தான் பிரிட்டனிடமிருந்து விடுதலை வாங்கியது. அங்கிருந்து வந்தவர் 90-களில் இங்கே பெர்லினில் மோரிட்ஸ் வான் ஆஸ்வால்டோடும் மார்க் எர்னஸ்டஸோடும் சேர்ந்தார். நீ ஹாஸ்டலில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பேசிக் சேனல் ஆட்கள்தான். டெக்னோ என்கிற மின்னணு நடன இசையிலிருந்து சதையையெல்லாம் வழித்துவிட்டு ஒரே ஒரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) எக்கோவையும் மிச்சம் வைத்தார்களே, அவர்கள். பிறகு ரிதம் அண்ட் சவுண்ட் என்ற பெயரில் ஜமைக்காவின் ரெக்கே இசைப் பக்கம் திரும்பியபோது, அவர்களுக்குக் கிடைத்த குரல் இவருடையது. 1998-ல் வந்த 'ஷோகேஸ்' முழுக்க இவர்தான் பாடினார். ஆனால் அட்டையில் எப்படி இருக்கும்? 'ரிதம் அண்ட் சவுண்ட் வித் டிக்கிமேன்.' மரியாதையாகத்தான் போட்டார்கள், பெயரை மறைக்கவில்லை. இருந்தாலும் கேட்டவர்கள் வாயில் அது அந்த இரண்டு பேருடைய ரெக்கார்டாகவே நின்றுவிட்டது.

ரெக்கேயிலிருந்து டப் என்ற இசை பிறந்த விதத்தை யோசித்துப் பார். ஜமைக்காவில், கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி என்ன செய்தார்? மிக்சரில் பாடகரின் குரலை இறக்கிவிட்டார். பேஸும் டிரம்மும் நின்றன. நடுநடுவே ஒரு வார்த்தையை மட்டும் எட்டிப்பார்க்க விட்டு, எக்கோவில் கரைத்தார். அற்புதமான கலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் காணாமல் போவது எப்போதும் பாடினவன். 'ஷோகேஸ்' அமைப்பும் அதுதான்: முதலில் பாட்டு, அடுத்து அதே பாட்டு குரல் உருவப்பட்டு.

'டிக்கிமேன் வால்யூம் 1'-ல் ஃபேடரில், அதாவது ஒலியை ஏற்றி இறக்குகிற குமிழில், கை வைத்திருப்பது பாடினவரே. பாட்டு, இசை, தயாரிப்பு எல்லாம் அவரே. சத்தம் போட்டுப் பாடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஒரு வரி. அதன் பின்னால், ஒரு மயிரிழை தாமதமாக, அவருடைய குரலே இன்னொரு முறை. பிறகு இரண்டும் நின்றுவிடும். பேஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஏனென்றால் அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. எங்கே பேசாமல் இருப்பது என்று அவரே முடிவு செய்கிறார். பேஸின் கனத்தில் 'ஷோகேஸை' எதுவும் மிஞ்சாது, அது வேறு. ஆனால் மனசு இதில்தான் தங்குகிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமே இல்லையே என்று சொன்னால் உதைப்பேன். ஸ்டுடியோ ஹெட்போனைப் போட்டுக்கொள்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். போன வருஷம், பெரிய பாடகர் கேட்டுப் பாடுவதற்காக நீ மாதிரியாக ட்ராக் பாடின அந்தப் பாட்டைப் படத்தில் கேட்டேன். அவர் நன்றாகவே பாடியிருந்தார். ஆனால் பல்லவி முடிகிற இடத்தில் வந்த அந்தச் சங்கதி உன்னுடையது. எந்தத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். உனக்குக் கையில் காசு கொடுத்தார்கள், எழுத்துப் போடும்போது உன் பெயர் இல்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். பழகிவிட்டாய் போலிருக்கிறது.

இன்னொன்று. ரிதம் அண்ட் சவுண்ட் 2003-ல் பல பாடகர்களை வைத்து ஒரு தொகுப்பு போட்டார்கள், 'வித் தி ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று. 2025-ல் டிக்கிமேன் பல இசைத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து ஒன்று போட்டிருக்கிறார். தலைப்பு 'வித் தி ப்ரொட்யூசர்ஸ்'. படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். என் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

மாடி அறையில் நீ பதிவு செய்த அந்தப் பாட்டுகள் இன்னும் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கின்றன? தம்புராவும் உன் குரலும் மட்டும் இருக்கிற அந்த மழைப் பாட்டு முதலில் வேண்டும். மிக்ஸ் ஆகவில்லை, பேஸ் சரியில்லை என்ற பேச்செல்லாம் வேண்டாம். இருக்கிறபடி அனுப்பு. ஞாயிறு ராத்திரி கூப்பிடுகிறேன், அதற்குள் வந்திருக்க வேண்டும். அக்காவிடமும் சொல்லி வைக்கப்போகிறேன், அவள் விடமாட்டாள்.

அன்புடன்,
முத்து